மஞ்சள் துணியை நான் இறக்கவில்லை

புதிதாக ரயில் வண்டி கூட்ட வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

என் எழுத்து கோணலாக இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதினதெல்லாம் கையெழுத்தும் பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிற சீட்டும்தான். நாலு பேர் முன்னால் நின்று பேசவும் எனக்கு வராது. உங்களில் ஒருத்தி போன் பண்ணி, "ஆன்ட்டி, ஒரு நாள் வந்து பேசிட்டுப் போங்க லா, புதுப் பிள்ளைங்க கேக்கட்டும்" என்று கூப்பிட்டபோது, வரமாட்டேன், எழுதித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். இப்போது குனோங் ராபாட்டில் மகன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து முழிக்கிறேன். மறதியும் இருக்கிறது. ஒன்றைச் சொல்லப் போனால் இன்னொன்று நழுவிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சட்டி விஷயத்தை உங்களுக்கு வேறு மாதிரி சொல்கிறார்களாம். நான் துணியை இறக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டேன் என்றும், சூப்பர்வைசர்தான் பெரிய மனசு பண்ணி அந்தப் பிள்ளையை வண்டியில் அனுப்பி வைத்தார் என்றும். போனில் இதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. மருமகள்தான் ஓடிவந்து நெருப்பை அடைத்தாள். அதனால் எழுதுகிறேன்.

துடைப்பத்தை எப்படிப் பிடிப்பது, எந்த மருந்தில் எவ்வளவு தண்ணீர் கலப்பது, இதையெல்லாம் உங்களுக்குக் காட்டித் தந்திருப்பார்கள். நான் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் வேலை செய்தது கொமுட்டர் ரயில் வந்து முடிந்து, மறுபடி கோலாலம்பூர் பக்கம் திரும்புகிற ஸ்டேஷன். வண்டி வந்து நின்றதும் டிரைவர் இந்த முனையிலிருந்து இறங்கி அந்த முனைக்கு நடந்து போவார். அவர் நடந்து போய், ஏறி, உட்காருவதற்குள் நாங்கள் கூட்டித் துடைத்துவிட்டு இறங்க வேண்டும். ஒரு கோச்சுக்கு ஒருத்தி. காலையில் கூட்டம் நமக்காக வெளியே காத்திருக்காது. இறங்குகிறவர்கள் இறங்கும்போதே ஏறுகிறவர்கள் ஏறிவிடுவார்கள். அவர்கள் காலுக்கு நடுவில்தான் நமக்கு வேலை. முடிந்ததும் ஒவ்வொருத்தியும் தன் கோச் வாசலில் நின்று மஞ்சள் துணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். வாயால் 'சியாப்' என்பதைத்தான் கையால் சொல்கிறோம். முடிந்தது, தயார். டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார். எல்லாத் துணியும் தெரிந்தால்தான் கதவை மூடுவார்.

இது எந்த ரூல்சிலும் கிடையாது. எங்களுக்கு முன்னால் வேலை செய்த ஒருத்தி உள்ளே கூட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு மூடி, பக்கெட்டும் துடைப்பமுமாக அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டாளாம். அன்றைக்கு அந்தப் பொம்பளைகளே டிரைவர்களிடம் பேசி வைத்துக்கொண்ட வழக்கம் இது.

எனக்கு வேலை பழக்கியது அடுத்த கோச்சில் கூட்டிய மலாய் அக்கா. பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அவருக்கும் வயதில் அதிக வித்தியாசம் இல்லை. நான் வாயே திறக்காமல் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "நீ பேச மாட்டே. பரவாயில்ல, துணி பேசும். ஆனா தூக்குறதுக்கு முன்னால கடைசி சீட்டுக்கு அடியில வரைக்கும் குனிஞ்சு பாத்துடு. தூக்கிட்டா இறக்காதே. ஒரு தடவ தூக்கி இறக்கினேன்னு வச்சுக்க, அப்புறம் எந்த டிரைவரும் உன் துணிய நம்ப மாட்டான்."

அவர் சும்மா சொல்லவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. எங்களோடு இருந்த ஒருத்தி அவசரத்தில் துணியைத் தூக்கிவிட்டாள். பிறகு பக்கெட் உள்ளே இருப்பது ஞாபகம் வந்து துணியை இறக்கிவிட்டு உள்ளே ஓடினாள். டிரைவர் தூக்கினதைப் பார்த்தார், இறக்கினதைப் பார்க்கவில்லை. கதவு பக்கெட்டைக் கவ்விக்கொண்டது. அழுக்குத் தண்ணீர் முழுக்க ஒரு டீச்சரம்மா சேலை மேல். அந்த டீச்சர் திட்டின திட்டு இருக்கிறதே, அவ்வளவு சுத்தமான தமிழில் திட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

எனக்குக் கொடுத்தது பெண்கள் கோச். கதவில் பெரிதாகப் படம் ஒட்டியிருந்தாலும் ஆம்பளைகள் ஏறுவார்கள். அவர்களை இறங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏறின ஆள் கால்மாட்டில் பக்கெட்டை வைப்பேன். அவர் சப்பாத்துக் காலைச் சுற்றி ஈரத் துடைப்பத்தால் துடைப்பேன். அவர் தள்ளி நின்றால் அங்கேயும் துடைப்பேன். ஒரு நாள் டை கட்டின ஒருவர், "ஆன்ட்டி, என்ன இது?" என்று மலாயில் கேட்டார். "ஈரம்" என்றேன். அவர் பின்னால் பின்னால் போய்ப் பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டார். கோச்சில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அதில் சத்தமாகச் சிரித்தது ராஜம்மா. தினமும் கோலாலம்பூருக்குப் போய் ஒரு ஆபீஸ் கேன்டீனில் சமைக்கிறவள். தினமும் ஒரே சீட், தலையில் ஒரு முழம் பூ. அன்றிலிருந்து அதற்கு 'அக்கா கோச்' என்று பெயர் வைத்துவிட்டாள். சில நாள் எனக்கு வாழையிலையில் கட்டிப் புட்டு கொண்டு வருவாள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பொம்பளைகள் எனக்கு வேண்டாதவர்கள் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை. மழை பெய்து விட்டிருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே கார் நிறுத்துகிற இடமெல்லாம் செம்மண் சேறு. நான் கடைசி சீட்டுப் பக்கமிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த நேரத்துக்கு அந்தக் கோச் பாசார் மாதிரி இரைச்சலாக இருக்கும். அன்றைக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

நடுக் கதவுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பொண்ணு. இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். தலை குளித்து ஈரத்தோடு முடிந்திருந்தாள். மடியில் புதுச் சட்டி ஒன்று. வாயை வெள்ளைத் துணியால் கட்டி, அதைப் பிளாஸ்டிக் பையில் வைத்து, பையின் காதை மடித்துவிட்டிருந்தாள். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

அவளைச் சுற்றி இருந்த சீட்டெல்லாம் காலி. பொம்பளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெருக்கியடித்து நிற்கிறார்கள், ஆனால் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"அக்கா, அது என்னான்னு கேளுங்க" என்றாள் ராஜம்மா.

நான் கேட்கவில்லை. அந்தப் பொண்ணே சொன்னாள்.

"எங்க அப்பா."

ராஜம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஏம்மா, வீட்டுல ஆம்பளைங்க யாருமே இல்லையா? ஒரு காரப் புடிச்சிக் கொண்டு போகக் கூடாதா? ஞாயித்துக்கிழம எம் மகளுக்கு நிச்சயம். நான் எப்படிம்மா இதுகூட உக்காந்து வாரது?"

"கார் இல்ல ஆன்ட்டி" என்றாள் அவள். குரல் சன்னமாக இருந்தது, ஆனால் அழவில்லை. பெயர் யோகேஸ்வரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். சிலிம் ரிவருக்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டத்து வீடு ஒன்றில் அவளும் அப்பாவும்தான். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர், தோட்டம் போன பிறகு ஒரு கிடங்கில் ஜாகாவாகக் காவல் இருந்தவர். அண்ணன் தம்பி கிடையாது. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். அவன்தான் சாம்பலையும் கரைக்க வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது.

"வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னுட்டாங்க ஆன்ட்டி. ரம்புத்தான் மரத்துல கட்டித் தொங்கவிட்டிருந்தோம். ராத்திரியெல்லாம் மழ. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. எங்கம்மாவ போர்ட் கிள்ளான்லதான் கரைச்சாங்க. அங்க படகுக்காரர் கிட்ட பேசிட்டேன். தண்ணி வத்துறதுக்குள்ள வந்துடச் சொன்னாரு, மத்தியானத்துக்கு மேல படகு போகாதாம். எனக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் லீவு. பேக்டரில அதுக்கு மேல தர மாட்டாங்க."

அவ்வளவுதான் விஷயம். அந்த வண்டியில் போனால் அவள் அப்பா அவள் அம்மாவிடம் போய்ச் சேருவார். இல்லாவிட்டால் மறுபடி மரத்தில்.

அதற்குள் யாரோ வாசல் வழியாகக் கூப்பிட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர் ஏறி வந்தார். கூட்டுகிற காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி ஆள். நம்ம ஆள்தான், என்னைவிட வயதில் சின்னவர். நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மேலே இருக்கிறவர்களுக்கு ரொம்பப் பயப்படுகிறவர். அப்படிப்பட்ட ஆள் கீழே இருக்கிறவர்களை என்ன செய்வார் என்று உங்களுக்கே போகப் போகத் தெரியும்.

"என்னக்கா இங்க?"

"பிள்ள ஒன்னு கிள்ளானுக்குப் போவுது சார்."

"கையில என்னான்னு கேக்குறேன்."

"அவங்க அப்பா."

அவர் ஒரு எட்டுப் பின்னால் போனார். நெற்றித் திருநீறை ஒரு விரலால் தொட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "இறங்கச் சொல்லுங்க. எல்லாம் கோயிலுக்குப் போற ஆளுங்க, வெள்ளிக்கிழம வேற. இவங்கள்ல ஒருத்தர் போன் போட்டு கோச் அசுத்தம்னு புகார் குடுத்தா, எனக்குத்தான் லா வரும். சுத்தம்தானே நம்ம காண்ட்ராக்ட்?"

நான் துடைப்பத்தைப் பக்கெட்டில் முக்கிப் பிழிந்தேன்.

"அக்கா, நீங்க வேதம். உங்களுக்கு இந்தத் தீட்டெல்லாம் தெரியாது. நான் சொல்றதக் கேளுங்க. அது இறங்குற வரைக்கும் துணியத் தூக்காதீங்க. வண்டி நிக்கட்டும். தானா இறங்கும்."

நான் வேதக்காரிதான். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துவக் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவளுக்குத் தீட்டு தெரியாது என்று யார் சொன்னது? எங்கள் லயத்தில் இந்தப் பக்கம் சாவு என்றால் அந்தப் பக்கம் உலை வைக்க மாட்டார்கள். அதில் இந்து, வேதம் எல்லாம் கிடையாது. எனக்கும் அந்தச் சட்டியைப் பார்த்ததும் ஒரு எட்டுத் தள்ளி நிற்கத் தோன்றியது. இல்லை என்று சொன்னால் பொய்.

கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். வண்டி நெடுக மஞ்சள் துணி தெரிந்தது. எல்லாக் கோச்சிலும் தூக்கிவிட்டார்கள். என்னுடையது மட்டும்தான் பாக்கி. டிரைவர் தலையை நீட்டி என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மலாய் அக்காவும் தன் வாசலில் துணியோடு நின்றபடி என்னைப் பார்த்தார். உள்ளே ராஜம்மா பார்த்தாள், சூப்பர்வைசர் பார்த்தார். அந்தப் பிள்ளை மட்டும் என்னைப் பார்க்கவில்லை. சட்டியின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். எல்லாரும் உங்களையே பார்த்தால், உங்களுக்குக் கை கால் ஓடாது. அப்போது சத்தம் போடுகிற ஆள் முகத்தைப் பார்க்காதீர்கள். தரையைப் பாருங்கள். தரைதான் நம்ம வேலை. நான் தரையைப் பார்த்தேன். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் துடைத்த தரை. சட்டிக்குக் கீழே ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை. அந்தப் பிள்ளை செருப்பைக்கூட வாசலில் உதறிவிட்டு ஏறியிருக்கிறது போல. கோச் முழுக்க அழுக்கு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். வாசலிலிருந்து நடு வரைக்கும் செம்மண் சேற்றில் சப்பாத்துத் தடம். அது சூப்பர்வைசர் சப்பாத்து.

நான் பக்கெட்டைக் கொண்டுபோய் அவர் கால்மாட்டில் வைத்தேன்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஈரம்" என்றேன்.

அவர் சப்பாத்தைச் சுற்றித் துடைத்தேன். அவர் ஒரு எட்டு நகர்ந்தார். அங்கேயும் தடம் விழுந்தது, அங்கேயும் துடைத்தேன். யாரோ ஒருத்தி 'களுக்' என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வாசல் வரைக்கும் போனார், பிறகு பிளாட்பாரத்தில் இறங்கினார். வாசல் படியைத் துடைத்தேன். உள்ளே திரும்பிப் போய்க் கடைசி சீட்டுக்கு அடியில் வரைக்கும் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். பிறகு வாசலில் நின்று துணியைத் தூக்கினேன்.

"அக்கா, நான் என்ன சொன்னேன்? இறக்குங்க."

கையை நான் இறக்கவில்லை. வாயும் அன்றைக்கு எப்படியோ திறந்துகொண்டது. முதல் தடவையாக அவரைத் தம்பி என்று கூப்பிட்டேன்.

"கோச் சுத்தமா இருக்கு தம்பி. சுத்தமா இல்லையான்னு சொல்றது என் வேல. நான் சொல்லிட்டேன்."

"இறக்குங்கன்னா இறக்குங்க. நாளைக்கு வேலைக்கு வர வேண்டியதில்ல, சொல்லிட்டேன்."

"நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம்."

கதவு மூடப்போகிற மணி அடித்தது. நான் இறங்க வேண்டும். அதுதான் எப்போதும் செய்வது. துணியை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கிவிடுவது. ஆனால் நான் இறங்கிவிட்டால் என்ன நடக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த ஸ்டேஷனில் நாலு பேர் சேர்ந்து அந்தப் பிள்ளையைப் பேசிப் பேசியே இறக்கிவிடுவார்கள். சுத்தம் என்று சொன்னவள் பிளாட்பாரத்தில் நின்றால், சொன்ன சொல்லுக்கு உள்ளே ஆள் கிடையாது.

உள் பக்கமாக ஒரு எட்டு வைத்தேன். கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை.

போய் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷம் அந்த சீட்டுகளைத் துடைத்திருக்கிறேன், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஓடுகிற வண்டியில் அந்த சீட் கொஞ்சம் தூக்கிப் போடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ராஜம்மா பையை எடுத்துக்கொண்டு அடுத்த கோச்சுக்குப் போய்விட்டாள். போகும்போது, "நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நினைக்கலக்கா" என்றாள். அவள் பின்னால் சிலர் போனார்கள். சிலர் நின்றுகொண்டே வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஒரு ஸ்டேஷனில் யூனிவர்சிட்டிப் பிள்ளை ஒருத்தி ஏறினாள். மலாய்ப் பிள்ளை. காலி சீட்டைப் பார்த்தாள், சட்டிக்கு அந்தப் பக்கம் பொத்தென்று உட்கார்ந்தாள், தூங்கிவிட்டாள். தலை சரிந்து சரிந்து யோகேஸ்வரி தோளில் வந்து விழுந்தது. யோகேஸ்வரி அவள் தலை சட்டியில் இடிக்காமல் கையால் தாங்கிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு யோகேஸ்வரி முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அப்போதுதான் பார்த்தேன்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"வண்டியில."

"வண்டியில எங்க?"

"சீட்டுல" என்றேன்.

அவர் வைத்துவிட்டார்.

போர்ட் கிள்ளானில் வெளியே போகிற கேட்டில் போட என்னிடம் டிக்கெட்டும் இல்லை, கார்டும் இல்லை. யூனிபார்மைப் பார்த்துத் திறந்துவிட்டார்கள். படகுக்காரர் சீனர், வயதானவர். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எங்களுக்குப் பின்னால் பார்த்தார். "ஆம்பளைங்க வரலையா?" என்று மலாயில் கேட்டார். "மக வந்திருக்கேன்" என்றாள் யோகேஸ்வரி. அவர் மிதவைச் சட்டையை எடுத்துக் கொடுத்து, முதலில் சட்டியை வாங்கிப் படகில் வைத்துவிட்டு, பிறகு எங்களைக் கை கொடுத்து இறக்கினார். தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. கரையோரம் சேறு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் படகு போயிருக்காது.

நடுவில் போனதும் அவர் இன்ஜினை அடைத்தார். அந்தப் பிள்ளை முடிச்சை அவிழ்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது.

"ஆன்ட்டி, என்ன சொல்லணும்?"

எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது எங்கள் கோயிலில் சொல்கிற ஜெபம்தான். அதை வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டேன். சட்டியில் இருந்த பெரியவர் கோவித்திருக்க மாட்டார். "உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு" என்றேன்.

அவள் குனிந்தாள். கடைசி ஸ்டேஷனில் தூங்குகிறவரைத் தட்டாமல் எழுப்புவோமே, அந்த மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, வந்துட்டோம்."

பிறகு சட்டியைத் தண்ணீருக்குக் கொடுத்தாள்.

இனி மறுநாள். வேலைக்கு வர வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தார் அல்லவா? நான் போனேன். எப்போதும் போகிற நேரத்துக்கு, எப்போதும் போடுகிற யூனிபார்மில். அவர் என்னைப் பார்த்தார். ஆட்கள் முன்னால் விரட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. "பெண்கள் கோச்ச அந்தக் காக்காய் கிட்ட குடுத்துட்டேன், நீங்க கக்கூஸ் பாருங்க" என்று மட்டும் சொன்னார். மலாயில் 'காக்காக்' என்றால் அக்கா; அதை அவர் கேலியாகத் திரித்து மலாய் அக்காவை அப்படித்தான் சொல்வார். நான் ஸ்டேஷன் கக்கூஸைக் கழுவினேன். அதில் எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மலாய் அக்கா இரண்டு கோச்சையும் கூட்டினார். இரண்டையும் துடைத்தார். பிறகு தன் கோச் வாசலில் நின்று தன் துணியைத் தூக்கினார். பெண்கள் கோச் வாசல் காலியாக இருந்தது. டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சூப்பர்வைசர் ஓடினார்.

"அங்கயும் தூக்கு."

"அது என் கோச் இல்ல" என்றார் அக்கா மலாயில். "கூட்டச் சொன்னீங்க, கூட்டிட்டேன். தூக்குறது அவ கை."

மற்றவர்களைக் கேட்டார். யாரும் அந்த வாசல் பக்கமே போகவில்லை. கடைசியில் அவரே ஒரு துணியை வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவருக்கு அவர் யார் என்றே தெரியவில்லை. யாரோ ஆள் கையசைக்கிறான் என்று பதிலுக்குக் கையசைத்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு மூட நேரமாகி, வண்டி பிந்தித்தான் கிளம்பியது. அடுத்த வண்டிக்கும் அப்படியே. கக்கூஸ் வாசலில் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை அவர் என்னைக் கடந்து போகும்போதும், ஜனங்கள் நிற்கிற இடத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சார், என் கோச் எப்ப?" என்று கேட்டேன். நாலு பேர் முன்னால் பேச வராது என்று மேலே எழுதியிருக்கிறேன். அது நிஜம்தான். ஆனாலும் கேட்டேன்.

சில நாளிலேயே என் கோச் எனக்கு வந்துவிட்டது. "போங்கக்கா, போய்த் தூக்குங்க" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நான் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

ராஜம்மா மகளுக்கு நிச்சயம் நல்லபடியாக நடந்தது, கல்யாணமும் நடந்தது. அதற்குப் பிறகு அவள் என் கோச்சில் ஏறவில்லை. நான் வேலையை விடுகிற வரைக்கும் பேசவும் இல்லை. எனக்கு அது வருத்தம்தான். புட்டு இல்லாமல் போனது அதைவிட வருத்தம். ஆனால் அவளும் அவள் நினைத்ததில் நின்றாள், நானும் நின்றேன். இதில் மன்னிக்க என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்கலாம், ஆன்ட்டி, சூப்பர்வைசர் சொன்னால் கேட்க வேண்டாமா என்று. கேளுங்கள். எங்கே கூட்டச் சொன்னாலும் கூட்டுங்கள். ஆனால் உங்கள் துணியை எப்போது தூக்குவது என்று இன்னொருத்தர் சொல்ல விடாதீர்கள். தண்டனையாக ஒருத்தி கையிலிருந்து பிடுங்கின துணியை நீங்கள் வாங்கிப் பிடிக்காதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நான் எழுதினதில் பிழை இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்துச் சரிபண்ணிக் கொடுங்கள். அந்த மாணவி எந்த ஸ்டேஷனில் ஏறினாள் என்று சொல்ல முடியவில்லை. நடுவில் எங்கேயாவது வண்டி மாறினோமா என்பதும் சரியாக ஞாபகம் இல்லை, யோகேஸ்வரியைக் கேட்டால் சொல்வாள். அவளுக்குக் கல்யாணமாகி இப்போது தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் இருக்கிறாள், தீபாவளிக்குப் பலகாரம் கொண்டு வருவாள். சட்டி வாயில் கட்டியிருந்தது வெள்ளைத் துணிதானா என்றும் கேளுங்கள். சூப்பர்வைசர் சப்பாத்துச் சேற்றை நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் திருத்துங்கள்.

துணியை இறக்கினேன் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.